பன்றிக்குக் கட்டிய கண்ணியில் சிறுத்தை: காணிக்காரனுக்கு வேட்டை உரிமை இருந்தால் நிலைமை மாறுமா?

வெருகல்கரை கேட்டது:

அண்ணாமார், அக்காமார், ஒரு விஷயம் கேட்கவேண்டும், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். எங்கள் அப்பாவின் வயல் ஈச்சிலம்பற்றுப் பக்கம், பேர்மிட் காணி. வயலுக்குப் பின்னால் பற்றைக்காடு, அதற்கும் பின்னால் பெரிய காடு. அந்தப் பற்றைக்காட்டில் அப்பப்பா காலத்தில் சேனை செய்தார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தால் அதற்குள் எல்லைக் கல் நட்டிருக்கிறது. இப்போது அது யாருடைய காணி என்று கேட்டால் கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் வருகிறது. போன பெரும்போகத்தில் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் பன்றிக்குக் கட்டியிருந்த கண்ணியில் ஒரு சிறுத்தை அகப்பட்டுச் செத்துக் கிடந்தது. கண்ணிக்குப் போட்ட கேபிள் யாருடையது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதாவது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் சுற்றுவட்டார வயல்காரரை ஒரு சுற்று மிரட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இணையத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆபிரிக்காவில் காணிக்காரருக்கே மிருகத்தின் மேல் உரிமை கொடுத்த இடங்களில் மிருகம் பெருகியது என்கிறார்கள். ஐரோப்பாவில் காணி வைத்திருப்பவனுக்குத்தான் வேட்டை உரிமை என்கிறார்கள். இன்னொரு கூட்டம் வேட்டை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்கிறது. என் கேள்வி இதுதான்: காணியும் வேட்டை உரிமையும் யார் கையில் இருக்கிறது என்பது சிறுத்தை, சிங்கம், ஓநாய் மாதிரி மிருகங்களுக்கு உண்மையில் எவ்வளவு முக்கியம்? அதில் எது திருகோணமலைக்குப் பொருந்தும்? சிறுத்தையைச் சுட அனுமதி கேட்கிறேன் என்று யாரும் பாயவேண்டாம், நான் அதைக் கேட்கவில்லை.

பழைய கிளாக்கர்:

தம்பி, காணிக் கந்தோரில் காலம் தள்ளியவன் என்ற முறையில் முதலில் அந்தப் பற்றைக்காட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்வியின் பாதி அங்கேதான் கிடக்கிறது. 1840ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். காடு, வெறும் நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் வேறு ஒருவருடையது என்று நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்பது அதன் சாரம். சேனை என்றால் ஒரு தடவை வெட்டி எரித்துப் பயிர்செய்துவிட்டு, காடு திரும்ப எழும்ப வருடக்கணக்கில் விட்டுவிடுகிற காணி. அதற்கு யாரிடம் காணி உறுதி இருக்கும்? இன்றைக்கும் நாட்டு நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அரச காணிதான். அப்பாவின் பேர்மிட்டும் அநேகமாக 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்திருக்கும். பயிர்செய்யலாம், பின்னுரித்தாளியாகப் பிள்ளையைப் போடலாம், நினைத்தபடி விற்க ஏலாது.

ஒதுக்குக் காடு என்றோ சரணாலயம் என்றோ வர்த்தமானியில் வராத மிச்சக் காடுகள் என்று ஒரு வகை இருக்கிறது. சிறுத்தை நடமாடுகிற காட்டில் கணிசமான பங்கு இந்த வகைதான். 2001இல் 5/2001 சுற்றறிக்கை இதை வன இலாகாவின் பொறுப்பில் விட்டது. 2020 நவம்பரில் அதை நீக்கி, மாவட்ட, பிரதேச செயலாளர்கள் பயிர்ச்செய்கைக்கு விடுவிக்கலாம் என்று ஆக்கினார்கள். சூழல்காரர் நீதிமன்றம் போனார்கள். மரமும் அசையவில்லை, மானும் அசையவில்லை, கடதாசியில் மட்டும் காடு கைமாறியது. இப்படி இருக்கிற இடத்தில் கண்ணி கட்டுகிறவனை யார் எந்த அதிகாரத்தில் தடுப்பது?

வேட்டைச் சட்டம் வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி உன் உறுதிக் காணிக்குள்ளே நின்றாலும் சிறுத்தை உன்னுடையதில்லை, அதைக் கொன்றால் உள்ளே போகவேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை, இன்றைக்கு உலகமே சிறுத்தை பார்க்க வருகிற யால காட்டின் ஒரு பகுதி முன்பு இலங்கையில் குடியிருந்த துரைமார் சுடுவதற்கு என்று ஒதுக்கிய இடம். அதுதான் 1938இல் தேசியப் பூங்காவில் சேர்ந்தது. துரை உள்ளே, சேனைக்காரன் வெளியே. 1983இல் மாதுறு ஓயாவைப் பூங்கா ஆக்கியபோது தம்பானைப் பக்கத்து வேடருடைய வேட்டைக்காடும் அப்படித்தான் ஒரே நாளில் குற்றம் நடக்கிற இடமாக மாறியது. நம்முடைய வெருகல், மூதூர்ப் பக்கத்து வேடுவரைக் கேட்டால் அவர்களும் தங்கள் கதை சொல்வார்கள்.

பனிநாட்டான்:

நான் சுவீடனில் இருக்கிறேன், சொந்த ஊர் சாம்பல்தீவு. இங்கே முறை நேர் எதிர். வேட்டை உரிமை காணியோடு ஒட்டியது. பத்து ஏக்கர் காடு வைத்திருக்கிற கிழவன்கூட அதில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், காட்டுக் கம்பனிகள் வேட்டைக் குழுக்களுக்குப் பெரிய பரப்புகளை அப்படித்தான் கொடுக்கின்றன. எல்க் என்ற பெரிய மான் இங்கே ஏராளம், ஏனென்றால் அது காணிக்காரனுக்கு இறைச்சி, காசு, இலையுதிர்காலத்துக் கொண்டாட்டம் எல்லாம்.

ஆனால் ஓநாய்? அங்கேதான் அந்த வாதம் உடைகிறது. ஓநாய் அவனுடைய எல்க்கைத் தின்னும், அவனுடைய வேட்டை நாயைக் கடித்துக் கொல்லும், குத்தகைப் பெறுமதியைக் குறைக்கும். காணிக்காரனுக்கு வேட்டை உரிமை இருப்பதாலேயே ஓநாய் அவனுக்குப் போட்டியாளனாகிவிடுகிறது. ஸ்கண்டினேவிய ஓநாய்கள் பற்றி 2012இல் வந்த ஆய்வு, சாகிற ஓநாய்களில் ஏறக்குறைய பாதி களவாகச் சுடப்படுகிறவை, அந்தக் களவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே தெரிவதேயில்லை என்று சொன்னது. 2010இலிருந்து அனுமதியோடு ஓநாய் சுட விட்டார்கள், அப்படியாவது கோபம் தணியும் என்று. தணிந்ததா என்று கேட்டால் ஊர் ஊராக வேறு வேறு பதில். இப்போது 2025இலிருந்து ஐரோப்பா முழுதுமே ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி குறைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது வடக்கில் சாமி இன மக்களோடு செய்த ஏற்பாடு. அவர்கள் கலைமான் மேய்ப்பவர்கள். காணி பெரும்பாலும் அவர்களுடையதில்லை, மேய்ச்சல் உரிமை மட்டும் இருக்கிறது. வுல்வரின் என்று ஒரு மிருகம், கரடிக்குட்டி அளவு, குளிர்காலத்தில் கலைமானை அடிக்கும். முன்பு செத்த கலைமானுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். 1996இலிருந்து அதை மாற்றி, அந்த மேய்ச்சல் நிலத்தில் வுல்வரின் குட்டி போட்டிருப்பது உறுதியானால் ஒரு குட்டியீட்டுக்கு 200,000 குரோனர் என்று சாமிக் கிராமத்துக்குக் கொடுக்கிறார்கள், கலைமான் செத்ததோ இல்லையோ. வுல்வரின் கூடியது. காணி உறுதி இல்லாதவனுக்கும் உயிரோடு இருக்கிற மிருகத்தில் ஒரு பங்கு கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் காணவில்லை.

கிண்ணியா நானா:

எல்லாம் சரி, அருமையாகத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் நம்ம தம்பி கேட்டதில் சிறுத்தையை யாரும் வேட்டையாடவில்லையே. பன்றிக்குக் கட்டியதில் அது போய் விழுந்தது. இந்த மாவட்டத்தில் சிறுத்தையின் உயிர் பன்றியை யார் எப்படிக் கொல்லலாம் என்ற கேள்வியில்தான் தொங்குகிறது, சிறுத்தை வேட்டை உரிமையில் இல்லை.

எங்கள் பக்கம் பன்றி தின்கிற ஆள் கிடையாது. ஆனால் வயலில் ஒரு இரவு பன்றிக்கூட்டம் இறங்கினால் காலையில் கதிர் முழுக்க உழுத மாதிரிக் கிடக்கும். முன்பெல்லாம் பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் துவக்கு இருந்தது, பரணில் ஆள் இருந்தான், டோர்ச் அடித்துப் பார்த்துத்தான் சுட்டான். சண்டைக் காலத்தில் துவக்கும் போனது, இரவில் காட்டோரம் படுக்கிற துணிவும் போனது. அந்த இடத்தைக் கேபிள் பிடித்துக்கொண்டது. பழைய மோட்டார் சைக்கிளின் கிளச்சுக் கேபிள் போதும், செலவில்லை, சத்தமில்லை, பிடிபட்டால் என்னுடையது இல்லை என்று சொல்லிவிடலாம். வேறு ஊரிலிருந்து இறைச்சிக்காரன் வருவான், உங்கள் வேலியோரம் நாலு கட்டட்டுமா என்பான், காணிக்காரன் ஆம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். பன்றி போகிறது அவனுக்கு இலாபம், இறைச்சி மற்றவனுக்கு இலாபம். எழுதாத வேட்டை உரிமை என்றால் இதுதான். சுவீடனில் குத்தகைக் கடதாசி, இங்கே தலையாட்டல். வித்தியாசம், அங்கே குத்தகைக்காரன் பெயர் தெரியும்.

பட்டிக்காரரை மறந்துவிடாதீர்கள். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க மாடு காட்டுக்குள்ளே போகிறது, கன்று போனால் முதல் சந்தேகம் சிறுத்தைமேல். பாதி நேரம் அது நாயாக இருக்கும். ஆனால் கோபத்தில் செத்த கன்றில் நஞ்சு தடவுகிறவன் அதையெல்லாம் யோசிக்கமாட்டான்.

கொத்மலைக்காரி:

நானா சொன்னதை மலைநாட்டில் பிறந்தவள் என்ற முறையில் அப்படியே ஒத்துக்கொள்கிறேன், இப்போது உப்புவெளியில் இருந்தாலும் என் ஆட்கள் எல்லாம் தோட்டத்தில்தான். அங்கே காணி நிலைமை இதைவிட மோசம். தோட்டக் காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம், வேலை செய்கிறவர்களுக்கு லயத்துக் கூரையில்கூட உரிமை இல்லாமல் தலைமுறைகள் போய்விட்டன. தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கிற காட்டுத் துண்டுகள்தான் சிறுத்தை ஒளிந்து வாழ்கிற இடம். அதைப் பூங்கா என்று யாரும் காக்கவில்லை, தன் காணி என்று பார்க்கவும் அங்கே ஆளில்லை. மரக்கறிப் பாத்தியைப் பன்றியிடமிருந்து காக்க, ஒரு நேரம் இறைச்சி கிடைக்க, கம்பி கட்டுகிறார்கள்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டதே, எல்லோரும் படம் பகிர்ந்தோம். சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. ஏன் காப்பாற்ற முடிவதில்லை தெரியுமா? கண்ணி பன்றியின் உயரத்துக்குக் கட்டியது, பன்றி என்றால் கழுத்தில் இறுகும். சிறுத்தை ஒல்லி, தலையும் தோளும் வளையத்துக்குள் வழுக்கிப் போய்விடும், இடுப்பில்தான் இறுகும். அது முன்னுக்கு இழுக்க இழுக்கக் கம்பி வயிற்றை அறுக்கிறது. வெளியே பெரிய காயம் தெரியாது, அவிழ்த்துவிட்டால் எழும்பி நடக்கும், உள்ளே சிறுநீரகம் குடல் எல்லாம் நசுங்கியிருக்கும். அதனால் கண்ணியில் சிறுத்தையைக் கண்டால் தயவுசெய்து நீங்களே அவிழ்க்கப் போகவேண்டாம், கூட்டம் சேரவிடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கூட்டம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பார்த்தோம், பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று படமும் எடுத்துக்கொண்டார்கள். காயம்பட்ட சனத்தின் பயம் எனக்கு விளங்குகிறது. அந்தப் படம் எனக்கு விளங்கவில்லை.

வெருகல்கரை:

நன்றி, நான் நினைக்காத பக்கமெல்லாம் வந்துவிட்டது. அப்படியென்றால் நமீபியா, சிம்பாப்வே கதையெல்லாம் நமக்கு ஆகாதா?

ஜீப்காரன்:

சுற்றுலாத் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கேள்வி வெள்ளைக்காரரோடு அடிக்கடி சண்டையில் முடியும், அதனால் படித்து வைத்திருக்கிறேன். நமீபியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பண்ணைக்காரருக்கு, அதாவது வெள்ளையருக்கு மட்டும், தங்கள் காணியில் உள்ள மிருகத்தைப் பயன்படுத்தும் உரிமை கொடுத்தது. 1996இல்தான் அதே உரிமை கறுப்பினக் கிராமங்களின் பொதுக் காணிக்கும் வந்தது, சங்கமாகப் பதிந்தால் வேட்டைக் காசும் சுற்றுலாக் காசும் அவர்களுக்கு. மான் இனங்கள் பெருகின. ஆனால் அங்கே சிவிங்கிப்புலிகளில் பெரும்பாலானவை பூங்காவுக்கு வெளியே பண்ணைக் காணிகளில்தான் இருக்கின்றன. எண்பதுகளில் அந்தப் பண்ணைக்காரர்களே அவற்றை ஆயிரக்கணக்கில் சுட்டும் பிடித்தும் அகற்றினார்கள். மானுக்கு விலை வந்தால் மான் தின்கிற மிருகத்துக்கும் அன்பு வரும் என்பது தானாக நடக்காது. கன்றையும் ஆட்டையும் காக்க நாய் கொடுத்து, பண்ணைக்காரரோடு வருடக்கணக்கில் பேசித்தான் நிலைமை மாறியது.

சிம்பாப்வேயில் சிசில் என்று பெயர் வைத்திருந்த பிரபல சிங்கம் 2015இல் செத்ததும் காணி எல்லையில்தான். ஹுவாங்கே பூங்காவுக்குள் அது தொடக்கூடாத மிருகம், எல்லை தாண்டிப் பக்கத்துக் காணிக்குள் காலடி வைத்ததும் காசு கொடுத்தவனின் அம்புக்கு இலக்கு. கென்யா எதிர்வழி போனது, 1977இல் வேட்டையை முழுதாகத் தடைசெய்தது. மிருகம் அரசுடையது, காணி மசாய்க்காரருடையது, ஆகவே சிங்கத்தால் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்குப் பிந்திய நாற்பது வருடத்தில் அங்கே காட்டு மிருகம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தடை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், வேலி, சனத்தொகை, வறட்சி எல்லாம் உண்டு. பிறகு அங்கே மசாய் மாராப் பக்கம் ஹோட்டல்காரர்கள் காணிச் சொந்தக்காரருக்கு மாத வாடகை கொடுத்து மேய்ச்சலைக் கட்டுப்படுத்தச் சொன்ன இடங்களில் சிங்கம் மீண்டும் நன்றாக நிலைத்தது. துப்பாக்கி இல்லாமலே காணிக்காரனுக்குக் காசு போனது.

இன்னொன்று, வேட்டை உரிமை இருந்தால் வேட்டையாடியே ஆகவேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2021 பெப்ரவரியில் ஓநாய் வேட்டை திறந்தார்கள். ஒப்பந்த உரிமைப்படி ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்களுக்கு 81 ஓநாய் ஒதுக்கீடு, அவர்கள் ஒன்றையும் சுடவில்லை, ஓநாய் அவர்களுக்கு உறவு. மற்ற வேட்டைக்காரருக்கு 119. மூன்று நாள் முடியுமுன் 218 ஓநாயைக் கொன்று முடித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் சிறுத்தைக்கு நமீபியா முறை கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். வளர்ந்த சிறுத்தை ஆயிரத்தைத் தாண்டாது என்கிறார்கள், இதில் விற்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் யாலவில் ஒரு சிறுத்தையால் ஓடுகிற காசில் ஈச்சிலம்பற்றுக்கு என்ன வருகிறது என்று யாராவது கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிண்ணியா நானா:

ஜீப்காரன் தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்கவேண்டும்.

வெருகல்கரை:

சரி, அப்போது பேர்மிட் காணிக்காரர் நாங்கள் என்ன செய்யலாம்? அப்பா கண்ணி கட்டுகிறவர் இல்லை, ஆனால் பக்கத்து வயலைத் தடுக்க அவருக்கு என்ன உரிமை?

பழைய கிளாக்கர்:

தனியாக ஒரு உரிமையும் இல்லை, ஆனால் ஒரு இடம் இருக்கிறது. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறதே, அதில் மாடு அப்புறப்படுத்தும் திகதி, வேலி அடைக்கும் திகதி எல்லாம் தீர்மானமாக எழுதுகிறார்கள். உறுதிக்காரன், பேர்மிட்காரன், குத்தகைக்காரன் எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். பொது வேலியிலும் அதற்கு வெளியேயும் கேபிள் கட்டுவதில்லை, வெளியூர் இறைச்சிக்காரனை விடுவதில்லை, இரவுக் காவல் முறைவைத்து என்று கமக்காரர் அமைப்பு மூலம் அங்கே வையுங்கள். கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கையும் சேர்த்து எழுதுங்கள், அது மனிதனையும் கொல்லும்.

கிண்ணியா நானா:

எழுதலாம் கிளாக்கர் ஐயா. முறைக்காவலுக்கு இந்தக் காலத்துப் பெடியன் வருவானா? ஃபோனோடுதான் வருவான். அதுவும் பரவாயில்லை, வெளிச்சம் இருந்தாலே பன்றி கொஞ்சம் தயங்கும். வேலியில் பன்றி நுழைகிற பொட்டுகளை முதலில் அடையுங்கள், கண்ணி கட்டுகிறவன் தேடுவதும் அந்தப் பொட்டைத்தான். கன்றுகளை இரவில் பட்டிக்கு நடுவில் கட்டுங்கள், ஓரத்தில் விடாதீர்கள்.

வெருகல்கரை:

அடுத்த கூட்டத்தில் அப்பாவைக் கொண்டு கேட்க வைக்கிறேன், அவர் எழும்பினால் சிலர் கேட்பார்கள். அந்த எல்லைக் கல் விஷயம்? எதைக் கேட்டு எழுதுவது?

பழைய கிளாக்கர்:

அந்தக் காட்டை அறிவித்த வர்த்தமானியின் பிரதியும் எல்லை காட்டும் நில அளவை வரைபடமும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, வன இலாகாவுக்கு ஒன்று, தனித்தனியாக, ஒரே நாளில். ஒரே கடிதத்தில் இருவரையும் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார். அப்பாவின் பேர்மிட் இலக்கத்தைப் போட மறக்காதே, இடம்பெயர்வுக்கு முன் சேனை செய்ததற்குப் பழைய வரி ரசீது, கிராம சேவகர் கடிதம் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் பிரதி எடுத்து இணைத்துவிடு.